பச்சைப் பாய் விரித்த இடம்

வாசலில் ஒரு துண்டுப் புல் கிடக்கிறது. மண்ணில் முளைத்த புல் இல்லை, பிளாஸ்டிக் புல். நம் சின்னவள் கால்மிதியாகப் போட்டிருக்கிறாள். காலை வெயில் அதன்மேல் ஏறியதும் ஒரு வாடை கிளம்புகிறது. புது டயர் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன்.

"வாங்கல நைனா. அந்த எஸ்டேட்காரர் வூட்ட இப்ப லாட்ஜ் ஆக்குறாங்க இல்ல, பின்னால தோட்டத்துல இதத்தான் விரிக்கிறாங்க. வர்றவங்க பந்து தட்டிக் குழியில போட்டு வெளாடுவாங்களாம். வெட்டின துண்ட வெளிய போட்டிருந்தாங்க, எடுத்தாந்தேன்."

அதைக் கேட்டதிலிருந்து அந்தத் துண்டின்மேல் எனக்குக் கால் வைக்க வரவில்லை. எட்டித் தாண்டிப் போகிறேன். மூன்றாம் நாள் அவள் கவனித்துவிட்டாள். "இன்னா நைனா, மிதிக்கத்தானே போட்டிருக்குது. தாண்டித் தாண்டி வுழுந்து கிழுந்து வெக்கப் போற" என்றாள்.

உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். என் பேச்சை அவள் எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், அது அவள் படித்த படிப்பு. இதில் இருக்கிற சங்கதியை அவளும் இப்போதுதான் கேட்கிறாள்.

நம் முதல் பிள்ளை செத்தது ரேஷனில் சிவப்புச் சோளம் போட்ட வருஷம். ஐப்பசி மாதம், விடாத மழை. பிள்ளைக்கு மூன்று மாதம், பேர்கூட வைக்கவில்லை. மேல்மலையனூருக்குப் போய் மொட்டை போட்டுப் பேர் வைக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை உன் மடியிலேயே அடங்கிவிட்டான். தெருப் பெண்கள் அழுதார்கள். நீ அழவில்லை. உன் பழைய சேலையில் பாதியைக் கிழித்து, அவனைச் சுற்றி, என் கையில் கொடுத்தாய். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாய்.

"எங்கப்பன் பக்கத்துல வை மாமா. தனியா வுட்டுட்டு வந்துடாத."

நான் தலையாட்டினேன்.

பெண்பிள்ளைகள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் நம்மிடம் இல்லை. கைப்பிள்ளை என்றால் பாடையும் மேளமும்கூடக் கிடையாது. ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் போய்ப் புதைத்துவிட்டு வருவோம். தாய்க்கு இடம் காட்டமாட்டோம். இடம் தெரிந்தால் அவள் மனசு அங்கேயே நின்றுவிடும், அடுத்தது தங்காது என்பார்கள். அதனால் நானும் உன் அண்ணனும் மட்டும் போனோம்.

நம் தெருவுக்கு மேற்கே ஓடை. ஓடைக்கு அக்கரையில் நம் சுடுகாடு. உன் அப்பனை அங்கேதான் வைத்திருந்தது. அன்றைக்கு ஓடையில் இடுப்புக்கு மேல் செந்தண்ணீர் புரண்டு போயிற்று. உன் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முன்னால் இறங்கினான். நான் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினேன். நாலாவது எட்டில் எனக்குக் கால் வழுக்கியது. முழுகி எழுந்தேன். பிள்ளை கையில்தான் இருந்தான். சேலை நனைந்து இரண்டு மடங்கு கனத்தது.

"வேணாம் மச்சான். இவனத் தண்ணிக்குக் குடுத்துட்டு நிக்கப் போறோம்" என்றான் உன் அண்ணன்.

கரையில் நின்று பார்த்தோம். மழை விடுகிற மாதிரி இல்லை. தூக்கிக்கொண்டு போன பிள்ளையைத் திரும்ப வீட்டு வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. அது உனக்கும் தெரியும். எங்கே போவது? ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனோம். அங்கே வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்று இருந்தது. அதன் பின்னால் தரிசு. வேலி கிடையாது, ஆள் நடமாட்டமும் கிடையாது. ஒரு கிணறு, ஒற்றைப் பனை, தூரத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை மழைக்குள் பாதி தெரிந்தது. மேட்டு நிலம் என்பதால் தண்ணீர் தேங்கவில்லை. இடுப்பளவு தோண்டினோம். மூடிவிட்டு, நாயும் நரியும் பறிக்காமல் இருக்க மேலே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, ஒரு கருங்கல்லைப் புரட்டி வைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய். "எங்கப்பன் பக்கத்துலதானே?"

"ஆமா" என்றேன். உன் அண்ணன் சேலையைப் பிழிகிற பெண்பிள்ளை மாதிரி வேட்டியைப் பிழிந்துகொண்டே நின்றான், நிமிரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் எடுத்துக்கொண்டுபோய் உன் அப்பன் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். "பொதச்சதத் தோண்டக் கூடாது மச்சான். பேசாம சொல்லிடு, திட்டினா திட்டிட்டுப் போவுது" என்றான் அவன். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். நீ தேறி எழுந்து வேலைக்கு வந்துவிட்டாய். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

பொங்கலுக்கு மறுநாள் செத்தவர்களுக்குப் படைப்போம். நீ ஒரு தம்ளர் பாலை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போவாய். அக்கரைக்குப் போகமாட்டாய். இக்கரையில் நின்று, உன் அப்பன் மண்மேடு இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டு பாலைத் தண்ணீரில் விடுவாய். ஓடையில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். நான் உன் பின்னால் நிற்பேன். நீ மேற்கே பார்த்து நிற்பாய். பிள்ளை கிழக்கே, நம் இரண்டு பேருக்கும் முதுகுப் பக்கம் இருந்தான். இரண்டு பொங்கல் அப்படி நின்றேன்.

மூன்றாம் வருஷம் வைகாசியில் அந்தப் பூட்டின வீடு திறந்தது. வந்தவர் மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பத்துக்காரர். நீலகிரியில் தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் வெள்ளைக்காரர்களோடு வேலை பார்த்து ஓய்ந்தவர். சம்சாரம் தவறிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். ஊரில் எல்லோரும் எஸ்டேட் ஐயா என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கி அந்தண்டை வைப்பார்.

நான் அப்போது களம் போடுகிற வேலையில் பேர் எடுத்திருந்தேன். நெல்லும் மல்லாட்டைக் கடலையும் காயவைக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் களம் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கொத்துவேன், திமிசுக் கட்டையால் இடிப்பேன். நீ மண் சுமந்து, சாணி மெழுகி முடிப்பாய். ஐயா ஆள் விட்டார். இரண்டு பேரும் போனோம். பின்கட்டைத் தாண்டி அவர் நம்மை அந்தத் தரிசுக்கு அழைத்துக்கொண்டு போனார். என் கண் அந்தக் கல்லைத்தான் தேடியது. முள் மக்கிப் போயிருந்தது. கல் இருந்தது.

ஐயா கையில் நுனி மடிந்த ஒரு இரும்புத் தடி, எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைப் பந்து. காட்டினார்.

"இன்னாங்க ஐயா, கோலியா?" என்று நீ கேட்டாய்.

"கோலிதாம்மா. தடியால தட்டுற கோலி. மலையில இருந்தப்ப ஓங்கி ஓங்கி அடிப்போம். இங்க அதுக்கு எடமும் இல்ல, எனக்கு முட்டியும் இல்ல. குழிகிட்ட வந்தப்பறம் கடைசியா ஒரு தட்டு இருக்குது பாரு, அது மட்டும் போதும் எனக்கு. அதுக்கு ஒரு எடம் பண்ணிக் குடுங்க."

முதலில் மலையிலிருந்து புல் கொண்டுவந்து முன்வாசலில் நட்டுப் பார்த்தாராம். செஞ்சி வெயிலுக்கு அது பதினைந்து நாள்கூட நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றக் கிணறும் போதாது. நின்றாலும் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும், வெட்டினால் பூச்சி புழு சாகும் என்று அதில் வேறு அவருக்கு வருத்தம். அதனால் தென்னை நாரைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து மெட்ராஸில் பாயாக நெய்யச் சொல்லியிருந்தார். தரையை முழ ஆழம் தோண்டி, ஜல்லி போட்டு, செம்மண் போட்டு இடித்து, மேலே அந்தப் பாயை இழுத்து ஆணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"புல்லே இல்லாம புல்லு. நல்லாருக்குது மாமா" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாய்.

முழ ஆழம்தானே, இடுப்பளவுக்கு வராது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வேலை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவார், அவன் எவ்வளவு ஆழம் தோண்டுவான் என்று யார் கண்டது? நாமே செய்தால் நான் பக்கத்தில் இருக்கலாம். இப்படித்தான் அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே அது நடந்தது. தரையைச் சுத்தம் செய்துகொண்டு வந்த நீ அந்தக் கல்லிடம் வந்தாய். "நட்டநடு எடத்துல எவன் கொண்டாந்து போட்டான் இத" என்று திட்டிக்கொண்டே குனிந்து புரட்டினாய். "மாமா, கொஞ்சம் கை குடு. கழுத கனம் கனக்குது." நான் வந்து ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கி ஜல்லிக் குவியலில் போட்டோம். சாயங்காலம் நீயே சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உடைத்தாய். மற்றக் கற்களோடு அதையும் உடைத்தாய். நான் கிணற்றங்கரைக்குப் போய்க் கை கால் கழுவுகிற சாக்கில் அங்கேயே நின்றுவிட்டேன். சுத்தியல் சத்தம் நிற்கிறவரை வரவில்லை. அது அம்மிக்கு ஆகும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கல்லாவது மிஞ்சியிருக்கும். அந்த வார்த்தை எனக்கு மறுநாள் காலையில்தான் வந்தது.

நடுவில் இருந்த மண்ணை வேறு யாரையும் தொட விடாமல் நானே கொத்தினேன். நீ வாரிச் சுமந்தாய்.

பாய் வந்தது. மெட்ராஸிலிருந்து லாரியில் வந்து, கடைத்தெருவிலிருந்து மாட்டுவண்டியில் ஏறி வந்தது. ஈர நாரும் சாயமும் கலந்து ஒரு வாடை. விரித்து ஆணி அடித்து முடிப்பதற்குள் உன் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பச்சை. நாலு நாள் போகவில்லை. சோறு பிசைந்தால் சோறும் பச்சை. தெருவில் உன்னைக் கிளி என்று கூப்பிட்டார்கள். "கிளின்னா கிளிதான், உங்கள மாதிரி காக்காவா" என்று நீயும் விடவில்லை.

எல்லாம் முடித்த அன்று ஐயா பந்தை வைத்துத் தட்டினார். தெற்கு மூலையில் வனஸ்பதி டப்பா ஒன்றைப் புதைத்துக் குழி வைத்திருந்தோம். பந்து போய் அதில் விழுந்தது. சந்தோஷப்பட்டார். வடக்கே போய்த் தட்டினார், அதுவும் உருண்டு வந்து விழுந்தது. கிழக்கே திரும்பி நின்று வேண்டுமென்றே தப்பாகத் தட்டினார். அந்தப் பந்தும் வளைந்து வந்து அதே மூலைக்குப் போயிற்று.

"இன்னாப்பா இது. எல்லாப் பந்தும் பொறந்த வூட்டுக்குப் போற மாதிரி அங்கயே போவுது?"

"சாய்மானம் வெச்சிருக்குதுங்க" என்றேன்.

"யார் வெக்கச் சொன்னது?"

"மழ பேஞ்சா தண்ணி வடியணும் இல்லீங்க. களம்னா ஒரு மூலைக்குச் சாய்ச்சுத்தாங்க போடணும்."

"நெல்லு கொட்டிப் பாருங்க ஐயா, ஒரு மணி அசையாது. உங்க பந்துதான் நிக்க மாட்டேங்குது" என்றாய் நீ.

அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார். "கண்ண மூடிக்கிட்டு ஆடலாம்பா இதுல. பாயக் கழட்டு. தரைய மட்டம் பண்ணு. மூலையில குழி வேணாம், நடுவுல வெச்சுடலாம். டப்பாக்குக் கீழ ரெண்டு முழம் தோண்டி ஜல்லி போட்டுடு, மழத் தண்ணிய அது குடிச்சுடும்."

என் கைவேலைப் பெருமையில் நான் வைத்த சாய்மானம், குழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பாயைச் சுருட்டி, மட்டம் செய்து முடித்ததும் அவர் ஒரு குச்சியை எடுத்து, நாலு பக்கமும் பார்த்து, நட்டார். கல் இருந்த இடத்தில் நட்டார். ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை.

முழம் தோண்டியது ஏற்கனவே. இன்னும் இரண்டு முழம் என்றால் இடுப்பைத் தாண்டும்.

கடப்பாரை என் கையில் இருந்தது. குத்த வரவில்லை. நுனியை மண்ணில் வைத்துக்கொண்டு நின்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. "தள்ளி வெக்கலாங்களா, இங்க தண்ணி ஊறுங்க" என்றேன். "ஊறட்டும், அதுக்குத்தானே ஜல்லி" என்றார். "பனை வேரு இருக்குங்க." "பனை எங்க இருக்குது, இது எங்க இருக்குது."

கூடையோடு நின்ற நீ பொறுமை இழந்துவிட்டாய். "குடு மாமா. வெயில்ல மயக்கம் கியக்கம் போட்டு வுழுந்துடப் போற. நான் குத்துறேன்." என் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டாய். கால் அகட்டி நின்றாய். இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாய்.

"எறும்பு" என்றேன்.

நீ தூக்கினபடியே நின்றாய். ஐயா திரும்பினார்.

"கீழ எறும்புப் புத்து இருக்குதுங்க ஐயா. பெருசுங்க. குஞ்சும் முட்டையுமா இருக்குது. குத்தினா அவ்வளவும் செத்துடுங்க."

"முட்டையோடயா?" என்றார் அவர். "அம்மா, எறக்கு அத. எறக்கும்மா." தானே ஓடிவந்து குச்சியைப் பிடுங்கினார். ஐந்தாறு அடி தள்ளி, மண்ணைக் குனிந்து உற்றுப் பார்த்து நட்டார். பிறகு அந்த இடத்துக்குத் திரும்பி வந்து, உள்ளே இருக்கிறவற்றிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். ஒரு நல்ல மனுஷனிடம் அவருடைய நல்ல குணத்தையே பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன். அதைப் பற்றி அப்போது வெட்கப்படக்கூட எனக்கு நேரமில்லை. நீ கடப்பாரையை மெதுவாக இறக்கி, மண்ணில் ஊன்றி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று வேலை முடிந்து வரும்போது வெளிச்சம் இருந்தது. ஏரிக்கரை வழியாக வந்தோம். எப்போதும் என் பின்னால் வருகிறவள் அன்றைக்கு இணையாக வந்தாய்.

"எறும்பு எங்க மாமா இருந்துச்சு?"

"கீழ."

"அந்த எடத்துல மண்ணு வாரினது நான்தானே. ஒரு எறும்புகூட இல்ல."

"இன்னும் கீழ."

"இன்னும் கீழ இன்னா இருக்குதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

எதிரே ஒரு வண்டி வந்தது, ஒதுங்கினோம். வண்டி போனதும் நீ முன்னால் போய்விட்டாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு வாகாகக் கேள்வியை நீயே எடுத்துக் கொடுத்தாய். அதைவிட நல்ல இடம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

அடுத்த பொங்கல் வந்தது. மறுநாள் காலை நான் எழுந்து உனக்காகக் காத்திருந்தேன். நீ ஓடைக்குக் கிளம்பவில்லை. துடைப்பத்தை எடுத்து இடுக்கிக்கொண்டாய்.

"பால் எடுக்கலியா?" என்று கேட்டேன்.

"ஐயா வூட்ல பாயக் கூட்டணும். தூசி வுழுந்திருக்கும்."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு மட்டும் தூசி வுழாதா?" என்று சொல்லிவிட்டுக் கிழக்கே போய்விட்டாய்.

பாயைக் கூட்டுகிற வேலையை ஐயாவிடம் நீயாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். வருஷக்கணக்கில் கூட்டினாய். ஐயா உள்ளவரை, அவர் போன பிறகு அந்தப் பாய் மக்கிக் கிழிந்து போகிறவரை. ஓடைப் பக்கம் நீ அப்புறம் போகவே இல்லை. ஒருநாள் காலை வெயில் ஏறுகிற நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆட்டம் இல்லாத நேரம். பாயின்மேல் நீ உட்கார்ந்திருந்தாய். கைப்பிள்ளையாக இருந்த சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு, கூழ்ச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். குழி பக்கத்தில் இல்லை. முதலில் குச்சி நட்ட இடத்தில். ஆனால் அந்த நேரத்துக்குப் பனை நிழல் அங்கேதான் விழும். நிழலுக்காக உட்கார்ந்தாயா, வேறு எதற்காகவா என்று நானும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கேட்டிருக்கலாம் என்று சின்னவள் இப்போது எழுதுகிறபோதே சொல்கிறாள். கேட்பதென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணன் சாகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டு "சொல்லிட்டியா" என்று கேட்டான். சொல்லிவிட்டேன் என்றேன். அவனிடமும் பொய்.

நீ படுத்த படுக்கையான பிறகு ஒரு மத்தியானம். கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். சின்னவள் கடைக்குப் போயிருந்தாள். இன்றைக்கு விட்டால் இல்லை என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லணும். நம்ம பெரியவன் இருந்தான் இல்ல…"

நீ கண்ணைத் திறந்தாய். நோயில் கிடக்கிறவள் பார்வையில்லை அது. நேராகப் பார்த்தாய்.

"அவன் எங்கப்பன் பக்கத்துல இருக்கான். நீதானே வெச்சுட்டு வந்த."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டுதான் சொன்னாயா? தெரிந்துகொண்டு, இனிமேல் வேண்டாம் விடு என்று சொன்னாயா? இல்லை, சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாதவனுக்கு இப்போது சொல்லி இறக்கி வைக்கிற சுகம் எதற்கு என்று நினைத்தாயா? மூன்றும் உன் குணம்தான். அதனால்தான் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒன்பது நாளில் போய்விட்டாய். நாலு வருஷம் ஆகிறது.

இதுவரைக்கும் எழுதிவிட்டுச் சின்னவள் பேனாவை வைத்துவிட்டாள். அண்ணன் ஒருத்தன் பிறந்து செத்தான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எந்திரி நைனா. எங்கன்னு காட்டு."

போனோம். தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பனை இல்லை, எப்போது வெட்டினார்களோ. கிணற்றுக்கு இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள், மேடை மட்டும் பழசு அப்படியே இருக்கிறது. நாலைந்து வடக்கத்திப் பையன்களும் நம்மூர் மேஸ்திரி ஒருவனும் பிளாஸ்டிக் புல்லைச் சுருள் சுருளாக உருட்டி, பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் போட்டதைவிட மூன்று மடங்கு பெரிய இடம்.

"பெரியவரே, பசை காயல. மிதிச்சுடாத" என்றான் மேஸ்திரி.

"எங்கம்மாவும் நைனாவும் இங்க வேல செஞ்சவங்க. பாத்துட்டுப் போயிடுறோம்ணே" என்றாள் சின்னவள்.

மழையில் அன்றைக்கு மூடிவிட்டுத் திரும்பும்போது, பின்னால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று கிணற்று மேடை வரைக்கும் எண்ணிக்கொண்டு வந்தேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, எண்ணத் தெரியும். பதினாறு எட்டு. இதை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. மேடையில் முதுகை ஒட்டி நின்று, பனை இருந்த திக்கைப் பார்த்து நடந்தேன். பதினாறு வந்தபோது புல்லின் விளிம்புக்குக்கூட நான் போய்ச் சேரவில்லை. எண்பது தாண்டியவன் எட்டு அது, ஒரு அடி வைத்தால் பாதத்துக்கு முன்னால் பாதம் விழுகிறது. திரும்ப மேடைக்கு வந்து, காலை அகட்டி அகட்டி வைத்துப் பார்த்தேன். தடுமாறிச் சின்னவள்மேல் சாய்ந்தேன்.

"இன்னா தாத்தா, எடத்த அளந்து வாங்கப் போறியா?" என்று மேஸ்திரி சிரித்தான்.

"இங்கயா நைனா?" என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்சம்."

"எவ்ளோ?"

பையன்கள் அடுத்த சுருளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வழியில் நிற்காதீர்கள் என்று கையைக் காட்டினார்கள், நகர்ந்தோம்.

உனக்குக் காட்டாமல் வைத்துக்கொண்டிருந்த இடத்தை இப்போது நானும் தொலைத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். உனக்குத் தெரிந்திருந்தால் இது உனக்குத் தேவையில்லை. தெரியாமல் இருந்திருந்தால், ஓடைக்கு அக்கரையில் தேடாதே. கிணற்று மேடையிலிருந்து பனை இருந்த திக்கைப் பார்த்துப் பதினாறு எட்டு. என் இருபத்தைந்து வயது எட்டு.